ரூபி மொழியிற் பொருட்படைப்பு

குடமொன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பர் தருக்க நூலார். செய்நிரல் எழுதப் பயிலும் மாணவர்க்கும் இம்மூன்றும் பயன்படும். கணினியிலே 'பொருள்' என்பது தரவையும் செயலையும் தன்னகத்தே கொண்டதோர் உரு. அவ்வுரு இவ்வாறமைக என வரையறுப்பது 'வகுப்பு'. (மணியடித்துத் தொடங்கும் நம் வகுப்பு வேறு!)

யப்பானியரான யுகிஹிரோ மற்சுமோட்டோ 1995 இல் வெளியிட்ட ரூபி மொழிக்கு ஒரு சிறப்புண்டு. அது சிமோல்ரோக் என்னும் முந்திய மொழிவழி வந்தது. அங்கே வகுப்பும் ஒரு பொருளே. அஃதாவது, சக்கரமும் குடத்தைப் போலவே கையிலெடுத்துப் பிறரிடம் கொடுக்கத்தக்கது. வகுப்பை நோக்கி 'நியூ' என்று ஏவினால், 'அலோகேற்' நினைவகத்தில் இடம் ஒதுக்கும். பின்னர் 'இனிசியலைஸ்' அவ்விடத்தில் தொடக்கப் பெறுமானங்களை நிரப்பும். முன்னது மண்ணெடுத்தல், பின்னது வனைதல்.

இனி, எதனை வனைவதென்று தெரிந்து ஏவும் குயவன் யார்? உருத்திரபுரம் போன்ற ஊர்ப் பாடசாலையொன்றிலே தேர்ச்சியறிக்கை அச்சிடும் செய்நிரலைக் கருதுக. சாதாரண தர அறிக்கைக்கு ஒரு வகுப்பு; உயர்தர அறிக்கைக்கு இன்னொன்று. 'இன்ன தரமாயின் இன்ன வகுப்பு' என்னும் நிபந்தனையைப் பத்து இடங்களில் எழுதிவைத்தால், நாளை புதிய பிரிவொன்று சேரும்போது பத்தையும் திருத்தல் வேண்டும். ஒன்பதைத் திருத்தி ஒன்றை மறந்தால், பிள்ளையொன்றின் கையிற் பிழையான அறிக்கை சென்றுவிடும். வயலிலிருந்து வந்து அதனை வாங்கிப் பார்க்கும் தந்தை செய்நிரலை ஐயுறார். தாளிலுள்ள புள்ளியையே நம்புவார்.

ஆதலின், தெரியும் வேலையை ஓரிடத்தில் ஒடுக்குதல் வேண்டும். அவ்விடமே 'தொழிற்சாலை' எனப்படும். வடிவமைப்புக் கோலங்கள் பற்றி 1994 இல் வெளிவந்த நூலில் நால்வர் இதனை விரித்துரைத்தனர். (நால்வர் என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருவோர் வேறு.) அவர்கள் காட்டிய முறையிற் படைப்புக்கெனவே தனி வகுப்புக்கள் வேண்டப்படும். ரூபியிலே அத்துணைப் பாரம் வேண்டா. தரத்தின் பெயரோடு அதற்குரிய வகுப்பையே ஓர் அட்டவணையில் இணைத்து வைத்து, பெயரைக்கொண்டு வகுப்பை எடுத்து, 'நியூ' என்று ஏவினால் அமையும். புதிய பிரிவு வந்தால், அதன் வகுப்பை எழுதி, அட்டவணையில் ஒரு வரி சேர்த்தல் போதும்.

வகுப்பை எடுக்குமிடத்துச் சதுர அடைப்பினும் 'ஃபெற்ச்' நன்று. அட்டவணையில் இல்லாத பெயர் வந்தால், அப்பெயரையே சுட்டி வழுவென்று அது நிறுத்தும். சதுர அடைப்போ 'நில்' என்னும் வெறுமையைத் தரும். பின்னர் வெறுமைக்கு 'நியூ' இல்லை என்ற வழு எழுமேயன்றி, பிழைத்த பெயர் எதுவென்று தெரியாது.

வகுப்பு ஒன்றே உள்ளவிடத்து இவ்வட்டவணையும் மிகையே. அங்கு 'நியூ' என்று நேரே எழுதுக. இரண்டாவது வகுப்பு வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.