ஒரே முகவரியில் பல கணினிகள்: மெய்நிகர் கணினிக்கு நேட் அமைக்கும் முறை



வேப்பூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து படிக்கும் நான், எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

சென்ற பருவத்தில் நான் செய்த ஒரு தவறுதான் இக்கட்டுரைக்குக் காரணம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பழகுவதற்காக, ஆய்வகக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் மூலம் ஒரு மெய்நிகர் கணினியை நிறுவினேன். நெட்வொர்க் பகுதியில் 'பிரிட்ஜ்டு' முறையைத் தேர்ந்தெடுத்து, 192.168.1.1 என்ற முகவரியை நானே அடித்தேன். அது ஆய்வக ரூட்டரின் முகவரி! சிறிது நேரத்தில் எல்லாக் கணினியிலும் இணையம் போச்சு. அன்று உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பாதி நிரப்பிய படிவத்தோடு ஒரு தோழி அழுதுகொண்டு நின்றாள். "சார், நான்தான்" என்று சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. மெய்நிகர் கணினியை அணைத்ததும் இணைப்பு திரும்பியது. மாலைக்குள் அவளும் விண்ணப்பித்துவிட்டாள்.

பிரிட்ஜ்டு முறையில் மெய்நிகர் கணினி, ஆய்வக வலையமைப்பில் இன்னொரு நிஜக் கணினியைப் போலவே சேர்ந்துவிடும். நேட் முறையில் அது தாய்க்கணினியின் பின்னால் நின்று, அதன் முகவரியிலேயே வெளியே பேசும்.

ஏன் வந்தது நேட்? ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட்டுகள் கொண்டது. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகத்துக்கு இது போதாது என்பதால் 1994-இல் நேட் முறையை ஆர்.எஃப்.சி. 1631 விளக்கியது. 1996-இல் ஆர்.எஃப்.சி. 1918, 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை உள் உபயோகத்துக்கு ஒதுக்கியது. 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பும் தீர்ந்தது.

இனி அமைக்கும் முறை:

1. மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, செட்டிங்ஸ், நெட்வொர்க், அடாப்டர் 1 என்று சென்று 'நேட்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. உள்ளே முகவரியைக் கையால் அடிக்காதீர்கள், டி.எச்.சி.பி. முறையில் விடுங்கள். வழக்கமாக 10.0.2.15 கிடைக்கும். வாயில் 10.0.2.2, பெயர் தேடும் டி.என்.எஸ். 10.0.2.3.

3. இணையம் வரவில்லையா? முதலில் வாயிலுக்கு பிங் அனுப்புங்கள். அடுத்து வெளி எண் முகவரி ஒன்றைத் தொடர்புகொண்டு பாருங்கள். எண் வேலை செய்து, பெயர் வேலை செய்யாவிட்டால் கோளாறு டி.என்.எஸ்.ஸில்.

4. உள்ளே இருக்கும் வெப் சர்வரை வெளியிலிருந்து பார்க்க 'போர்ட் ஃபார்வர்டிங்' வேண்டும். தாய்க்கணினியின் 8080-ஐ உள்ளிருக்கும் 80-உடன் இணைத்து, பிரவுசரில் 127.0.0.1:8080 என்று அடிக்கவும்.

5. சாதாரண நேட்டில் இரண்டு மெய்நிகர் கணினிகள் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டுக்குமே 10.0.2.15 கிடைத்தாலும் மோதாது. அவை பேசிக்கொள்ள வேண்டுமானால் 'நேட் நெட்வொர்க்' அமைக்க வேண்டும்.

அன்றிரவு அப்பா, "என்னப்பா தப்பு பண்ண?" என்று கேட்டார். எங்கள் தெருவில் தபால் எல்லாம் பெட்டிக்கடை முகவரிக்குத்தான் வரும். அதை வைத்தே சொன்னேன். "நாம எழுதுற லெட்டர்ல கடை முகவரியப் போட்டு, பக்கத்துல 7-ன்னு ஒரு நம்பர் போடுறாரு கடைக்காரர். 7 நம்ம வீடுன்னு நோட்டுல எழுதிக்கிறாரு. பதில் 7-க்கு வந்தா நம்ம வீட்டுக்குத் தர்றாரு. நோட்டுல இல்லாத நம்பருக்கு வந்தா வாங்க மாட்டாரு. அந்த நம்பருக்குப் பேரு போர்ட்டு. அந்த நோட்டுதான் நேட்டுப்பா."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நீ கடைக்காரர் பேரையே உன் வீட்டுக்கு வச்சுக்கிட்ட. தபால்காரர் குழம்பாம என்ன பண்ணுவாரு?" என்றார்.

பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். நான் அரை மணி நேரம் திணறியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நண்பர்களே, பயந்து ஆய்வகத்தில் சும்மா உட்காராதீர்கள். நேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து தாராளமாகத் தவறு செய்யுங்கள். பிரிட்ஜ்டு போடும் முன் மட்டும் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்து வரிசையில் யாருடைய படிவமோ பாதியில் இருக்கலாம்.