ஓய்வு நேரம்னா எந்த நேரம் தாயி?

பாளையங்கோட்டை

அன்புள்ள மலருக்கு,

மாநாட்டுக்கென்று நீ எழுதி அனுப்பிய அப்ஸ்ட்ராக்ட் வந்தது. போன மாதம் போனில் சொன்னாயே, அது இதில் எங்கே என்று தேடித் தேடி வாசித்தேன். காணோம்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வேப்பமரத்தடியில் வினாத்தாளை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்க, நூறு நாள் வேலை முடித்து மண்வெட்டியோடு வந்த பாட்டி ஒருத்தி கேட்டாளாம்: “ஓய்வு நேரத்துல உடற்பயிற்சி உண்டுமான்னு கேக்கியே, ஓய்வு நேரம்னா எந்த நேரம் தாயி?” நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் ஆய்வே அந்தக் கேள்விதான் என்று அப்போதே பட்டது.

அதை விட்டுவிட்டு என்ன எழுதியிருக்கிறாய்? தொற்றா நோய்கள் உலகெங்கும் பெருகுகின்றன, உடலுழைப்பு குறைகிறது, இந்தியாவும் விலக்கல்ல. முந்நூறு சொல்லில் கால்வாசி இதற்கே போய்விட்டது. உடலுழைப்பும் உடல்நலமும் பற்றிய மாநாட்டில் போய் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். ஒன்று, ஐசிஎம்ஆர்–இண்டியாப் (ICMR–INDIAB) ஆய்வு. 2014-ல் வெளியான அந்தக் கட்டுரையில் தமிழ்நாடும் உண்டு. ஓய்வு நேரத்தில் உடலுக்கு வேலை கொடுப்பவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அதிலேயே வந்துவிட்டது. ஆகவே ‘முதன்முறையாக’ என்று நீ போட்டிருக்கும் சொல்லை அடித்துவிடு. இரண்டாவது வாக்கியம், அவர்கள் கேட்காமல் விட்ட எதை நீ கேட்டாய் என்பது.

நீ கொண்டுபோன ஜிபேக் (GPAQ) வினாத்தாள் வேலை, போக்குவரத்து, ஓய்வு மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. மூன்றையும் கூட்டினால் அந்தப் பாட்டி வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை எங்கோ தாண்டி நிற்பாள். ஓய்வை மட்டும் எடுத்தால் சுழி. ஒரே மனுஷி, இரண்டு கணக்கு. 2030-க்குள் உடலுழைப்பின்மையை 15 விழுக்காடு குறைப்போம் என்று அந்த நிறுவனம் 2018-ல் திட்டம் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் இவளை எந்தப் பக்கம் சேர்ப்பது? நீ அனுப்பப்போகும் மாநாடு 2006-ல் அட்லாண்டாவில் தொடங்கி 2016-ல் பாங்காக், 2024-ல் பாரிஸ் என்று கூடிவரும் சபை. இந்தக் கேள்வியைக் கேட்டால் அங்கே பத்துப் பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள். தலைப்பிலேயே அது தெரியட்டும். ‘ஒரு குறுக்குவெட்டு ஆய்வு’ என்று முடிகிற தலைப்பெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி, பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

நானும் சில வருஷம் மதிப்பீட்டாளராக இருந்திருக்கிறேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ஒரு கட்டு அப்ஸ்ட்ராக்ட்டோடு உட்காருவேன். எழுதியவர் பெயர் இருக்காது. தலைப்பு, உடனே கடைசிப் பத்தி, அதில் ஏதாவது இருந்தால்தான் நடுவே போவேன். ‘முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்’ என்று இருந்தால் அதோடு சரி. நீ அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஆனால் விழுக்காட்டை மட்டும் போட்டிருக்கிறாய். இத்தனை பேரில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையும் வேண்டும், நம்பக இடைவெளியும் வேண்டும். வெறும் பி-மதிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இன்னொன்று. ஜிபேக் தொடர்ந்து 10 நிமிடமாவது செய்த வேலையைத்தான் கேட்கிறது. 2020-ல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் அந்தப் 10 நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கும் வீட்டுக்குமாக ஐந்து ஐந்து நிமிடமாகப் பத்து நடை நடப்பவளின் உழைப்பு உன் கணக்கில் விழவே இல்லை. இது உன் ஆய்வின் குறை. ஒளிக்காதே, முறையியலில் ஒரு வரி எழுது. குறையை நாமே சொல்லிவிட்டால் மதிப்பீட்டாளருக்கு மிச்சத்தின் மேல் நம்பிக்கை வரும்.

முடிவுரைக்கு வருகிறேன். உடல் உழைப்பு இந்தப் பெண்களை ரத்த அழுத்தத்திலிருந்து ‘பாதுகாக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். ஒரு நாள் போய் ஒரு தடவை அளந்துவிட்டுப் பாதுகாக்கிறது என்று எப்படிச் சொல்வாய்? ஏற்கனவே முடியாதவள் வேலைக்கே வராமல் இருந்திருக்கலாம் அல்லவா?

ஜெரி மாரிஸ் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாளெல்லாம் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று 1953-ல் லான்செட்டில் எழுதினாரே, அவர். இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி போட்ட கட்டுரை அது. நான் வகுப்பில் அதோடு நிறுத்தமாட்டேன். அவரும் கூட்டாளிகளும் அதன்பிறகு சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு தொடக்கத்திலிருந்தே பெரிதாக இருந்தது. அப்படியானால் படிக்கட்டு மட்டும்தான் காரணமா? அந்தச் சந்தேகத்தையும் 1956-ல் அவர்களே அதே லான்செட்டில் வெளியிட்டார்கள். படிக்கட்டை விட எனக்கு அந்தக் கால்சட்டைதான் பிடிக்கும். அதுவும் போக, கூலிக்குக் குனிந்து மண் வெட்டுவதும், விரும்பி நடப்பதும் இதயத்துக்கு ஒரே நன்மையைத் தருமா என்பது இன்னும் தீராத வழக்கு. ‘தொடர்பு காணப்பட்டது’ என்று எழுது, போதும்.

பெயர் வரிசையை அனுப்பும் முன்பே பேசி முடி. உன் கைடு தவிர இன்னொருவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் போவதில்லை. ஆனால் வீடு வீடாக உன்னோடு வந்த கிராம சுகாதாரச் செவிலியரின் பெயர் நன்றியில்கூட இல்லையே, ஏன்?

அனுப்பக் கடைசி நேரம் எந்த ஊர் நேரம் என்று பார். பாரிஸின் நள்ளிரவு நமக்கு விடியற்காலை மூன்றரையோ நாலரையோ, பருவத்தைப் பொறுத்து. மேற்கே என்றால் லாபம். எனக்கு ஒருமுறை வாய்த்தது கிழக்கே. நம் நள்ளிரவு வரை அவகாசம் என்று நினைத்து, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். அங்கே மறுநாளே பிறந்துவிட்டிருந்தது. பூட்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணனிடம்கூட, அதாவது உன் அப்பாவிடம்கூட, இதைச் சொன்னதில்லை.

போஸ்டர் கிடைத்தால் முகம் சுளிக்காதே. பத்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு ஒரு கேள்விதான் வரும். போஸ்டர் பக்கத்தில் நின்றால் ஒரு மணி நேரம் ஆள் மாற்றி ஆள் வந்து பேசுவார்கள், எனக்கு இரண்டு நல்ல நட்புகள் அப்படித்தான் கிடைத்தன. தேர்வானாலும் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். மாணவர் சலுகை உண்டா என்று இப்போதே விசாரி. நாளை உனக்கும் ‘மேன்மைமிகு டாக்டர்’ என்று ஆரம்பித்து, நீ எழுதாத துறையின் மாநாட்டுக்கு அழைத்து மின்னஞ்சல் வரும். எதை அனுப்பினாலும் இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் போடுகிற போலி மாநாடுகள் அவை. திறக்காமல் அழித்துவிடு.

திருத்தி வியாழக்கிழமைக்குள் அனுப்பு. வெள்ளிக்கிழமை எனக்குக் கண்புரை ஆபரேஷன், அதற்கப்புறம் கொஞ்ச நாள் எதையும் உற்றுப் படிக்கக் கூடாதாம்.

அன்புடன்,
அத்தை