மேட்டுப் பாத்திக்கு ஏற்ற வரம்பு எது?



பசறைப் பகுதியில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் பெருமழை, சரிவான தோட்டங்களின் மேல்மண்ணை ஓடைக்கு அடித்துச் செல்கிறது. அம்மண்ணை இழந்தபின் எவ்வளவு உரமிட்டாலும் பழைய விளைவு கிட்டாது. இத்தகைய மண்ணரிப்பைத் தடுக்கவே 1951ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, காய்கறிப் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, கீழ்ப்பக்கத்தில் வரம்பு கட்டுதல் வேண்டும்.

பொருளைத் தேடுமுன், பாத்தி எத்தனை காலம் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒரு போகத்துக்கு: நெல் அறுத்த வயலில் போஞ்சி, கறிமிளகாய் முதலியன செய்வோர் மண்ணை அணைத்து உயர்த்தி, இடையே வடிகால் விட்டாற் போதும். அடுத்த நெல்லுக்கு வயலை மீண்டும் சமப்படுத்த வேண்டுமாதலால் வரம்புக்குப் பணம் செலவிடுதல் வீண்.

ஓரிரு ஆண்டுகளுக்கு: மூங்கிலும் மரக்கிளைகளும் மலிவானவை, ஆயின் ஈரமண்ணில் விரைவில் உக்கிவிடும். அவற்றின் ஓரமாக, மழை தொடங்கும்போது கிளிரிசீடியாத் தடிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். மூங்கில் உக்குமுன் உயிர்வேலி எழுந்துவிடும். அதன் தழை வயலுக்கும் பாத்திக்கும் பசளையாகும்.

நிலையான பாத்திக்கு: உங்கள் நிலத்துக் கருங்கல்லே சிறந்தது. அரையடி ஆழம் தோண்டி, பெரிய கற்களை அடியில் வைத்து, மேட்டுப்பக்கம் சற்றே சாயுமாறு அடுக்குங்கள். பின்புறம் சிறு கற்களை நிரப்புங்கள். சாந்து வேண்டாம், இடுக்குகள் வழியே நீர் கசிந்து செல்லும்.

இவ்விடத்தில் என் தவறொன்றையும் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் ஆலோசனைப்படி ஒரு கமக்காரர் கடன்பட்டுச் சீமெந்துச் சுவர் கட்டினார். நீர் வெளியேறத் துளைகள் விடும்படி சொல்ல நான் தவறினேன். முதற் பெருமழையிலேயே சுவர் சாய்ந்தது, மண்ணும் போயிற்று. மறு ஆண்டு அவர் தம் நிலத்துக் கற்களை அடுக்கினார். அவ்வரம்பு இன்றும் நிற்கிறது.

உடைந்த அஸ்பெஸ்ரஸ் தகடுகள், பூச்சிமருந்துப் பீப்பாய்கள், எண்ணெய் ஊட்டிய பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள் ஆகியவற்றை, இலவசமாகக் கிடைத்தாலும், உணவுப்பயிர்ப் பாத்திக்குப் பயன்படுத்தாதீர்கள். தகட்டின் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மற்றவற்றின் நஞ்சு மண்ணிற் கலக்கும்.

கல் அடுக்கும் வேலையைச் செப்டெம்பர் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மழை வந்தபின் கட்டும் வரம்பு, போன மண்ணைத் திருப்பித் தராது.