சருகும் தீப்பொறியும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லையெங்கும் புல் முளைக்கிறது. கொடிகள் வேலியின்மீது படர்கின்றன. மழை நின்றபின், மாசி மாதத்தில் அந்தப் புல் காய்ந்து பழுப்பாகிவிடுகிறது. வேம்பும் புங்கும் இலையுதிர்ப்பதும் இக்காலத்தில்தான். அறுவடை முடிந்து வந்த வைக்கோலும் போராக எழுந்து நிற்கிறது. ஆக, பங்குனி வெயில் தொடங்கும்போது, மழைக்காலம் வளர்த்துத் தந்த எரிபொருள் முழுவதும் வீட்டைச் சுற்றிக் குவிந்து கிடக்கிறது.

கோடையில் தீப்பிடிப்பதற்கு வெயிலே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. நண்பகலில் சருகைத் தொட்டால் கை சுடும். ஆனால் அதன் வெப்பநிலை 100 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. உலர்ந்த சருகு தீப்பற்ற ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்படியானால் வெயில் செய்வதுதான் என்ன?

தண்ணீர் என்னும் காவல்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பச்சை இலைகள் 3 கிராம் எடுத்துக்கொள்வோம். அதில் 2 கிராம் நீர், 1 கிராம் உலர்பொருள் என்று கொள்வோம். இலை தீப்பற்ற வேண்டுமானால் முதலில் நீர் வெளியேற வேண்டும். 2 கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 140 கலோரி தேவை. அதை ஆவியாக்க, கிராமுக்கு 540 கலோரி வீதம், 1080 கலோரி தேவை. எஞ்சிய உலர்பொருளின் தன் வெப்பம் சுமார் 0.4. அதை 300 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 108 கலோரி போதும். மொத்தம் 1328 கலோரி.

அதே இலை முற்றிலும் காய்ந்த சருகானால் வெறும் 108 கலோரியில் தீப்பற்றிவிடும். அதாவது பச்சை இலைக்குத் தேவைப்படும் வெப்பத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு! வெயில் தீ வைப்பதில்லை. தீயைத் தடுத்து நிற்கும் காவலாளியை வெளியேற்றிவிடுகிறது.

விறகை முந்தும் சருகு

உலர்ந்த மரக்கட்டையும் உலர்ந்த சருகும் ஏறக்குறைய ஒரே வகைப் பொருள்தான். ஆயினும் ஒரு தீக்குச்சியால் சருகை எரிக்கலாம். கட்டையை எரிக்க இயலாது. காரணம் புறப்பரப்பு. 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு மரக் கனசதுரத்தின் புறப்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதை 1 சென்டிமீட்டர் கனசதுரங்களாக அறுத்தால் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும். மொத்தப் புறப்பரப்பு 6000 சதுர சென்டிமீட்டர். எடை கூடவில்லை. ஆனால் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் ஏற்கும் பரப்பு பத்து மடங்காகிவிட்டது. சருகு, காய்ந்த புல், தென்னையின் பன்னாடை, கீற்றுக்கூரை ஆகியவை எல்லாம் மெல்லியவை. சிறு பொறியே இவற்றுக்குப் போதும்.

சாம்பலுக்குள் ஒளிந்த தீ

அந்தப் பொறி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் வீட்டு அடுப்பிலிருந்தேதான். சாம்பல் ஓர் அரிதிற் கடத்தி. அதன் நுண்துகள்களுக்கிடையே காற்று அடைபட்டிருப்பதால், உள்ளிருக்கும் தணலின் வெப்பம் எளிதில் வெளியேறாது. ஆக்சிஜனும் மெல்லவே உள்ளே செல்வதால் தணல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அக்காலத்தில் இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, மறுநாள் அதிலிருந்தே அடுப்பு மூட்டுவார்கள் அல்லவா? அதே தத்துவம்தான். 'ஆறிவிட்டது' என்று குப்பைமேட்டில் கொட்டிய சாம்பலைக் காற்று கலைத்தால், தணலுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது, பொறி பறக்கிறது.

கொல்லையில் உள்ள வெந்நீர் அடுப்பும் கவனத்துக்குரியது. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழும். தன்னோடு பொறிகளையும் சுமந்து செல்லும். மேலே கீற்றுக்கூரையின் இறவாணம் இருந்தால் என்னவாகும்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக்கூரைக்குப் பரவியதில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அடுப்பும் கீற்றும் அருகருகே இருக்கலாகாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

சுவரை எரிப்பது எது?

பெருந்தீயின் வெப்பக் கதிர்வீச்சே தொலைவிலுள்ள வீடுகளையும் எரிக்கிறது என்று தோன்றும். 1990களின் இறுதியில் கனடாவில் காட்டின் சில பகுதிகளுக்குத் தீ வைத்துச் சோதனைகள் நடத்தினார்கள். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன், காட்டின் விளிம்பிலிருந்து 10, 20, 30 மீட்டர் தொலைவுகளில் மரச்சுவர்களை நிறுத்திவைத்தார். மரங்கள் உச்சிவரை எரிந்தபோதும், 10 மீட்டரில் நின்ற சுவர்களுள் சிலவே தீப்பற்றின. 20, 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை.

ஆனால் காட்டுத்தீயில் நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவிலுள்ள வீடுகளும் எரிகின்றனவே! அங்கே வேலை செய்பவை காற்றில் பறந்து வரும் பொறிகள். அவை சுவரை நேரே எரிப்பதில்லை. சுவரடியில் கிடக்கும் சருகில் விழுகின்றன. சருகு பற்றி வீட்டைப் பற்ற வைக்கிறது. நம் கொல்லைக்கும் இது பொருந்தும். பறந்து வரும் பொறியை நாம் தடுக்க இயலாது. அது விழும் இடத்தில் சருகு இல்லாமல் செய்ய இயலும்.

மாசி மாதத்து வேலைகள்

1. சுவரையும் வேலியையும் ஒட்டிய சருகை வாரத்துக்கு ஒருமுறை பெருக்குங்கள். ஓட்டின் இடுக்கிலும் மொட்டைமாடியின் நீர்த்தாரையிலும் தேங்கிய இலைகளையும் அகற்றச் சொல்லுங்கள்.

2. பெருக்கிய சருகைக் கொளுத்தாதீர்கள். குழியில் இட்டு, நீர் தெளித்து, மேலே மண் தூவினால் எருவாகும்.

3. தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டைகளையும் பனையின் காவோலைகளையும் மரமேறுபவரைக் கொண்டு அகற்ற வேண்டும். தரையிலுள்ள தீ மரத்தின் உச்சிக்கு ஏற இவை ஏணியாகின்றன.

4. சாம்பலில் நீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் நீர் ஊற்றிய பின்னரே கொட்டுங்கள்.

5. வைக்கோற்போர் வீட்டுக்கும் அடுப்புக்கும் இயன்றவரை தள்ளி இருக்கட்டும். ஈர வைக்கோலைப் போரிடக் கூடாது. ஈரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் வெப்பத்தை உண்டாக்கும். அது வெளியேற வழியின்றிப் பெருகினால் பொறியே இல்லாமல் போர் தீப்பிடிக்கவும் கூடும். போரிலிருந்து ஆவியோ கருகல் மணமோ வந்தால் அதைப் பிரிக்க முற்படாதீர்கள். காற்றுப் பட்டதும் சுவாலை எழும். உடனே 101க்குத் தொலைபேசி செய்து தீயணைப்பு நிலையத்தாரை அழையுங்கள்.

செய்து பாருங்கள்

நெருப்பின்றிச் செய்யக்கூடிய ஒரு சோதனை இது. பச்சை வேப்பிலை 100 கிராம் எடுத்து, ஒரு தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். நாள்தோறும் மாலையில் அதை எடை போட்டு வரைபடத்தாளில் குறியுங்கள். எடை குறைவதே வெளியேறிய நீர். ஒவ்வொரு நாளும் எஞ்சிய நீரை ஆவியாக்க எத்தனை கலோரி தேவை என்று கணக்கிடுங்கள். வரைகோடு கீழே இறங்கி எந்த நாளில் கிடையாகிறது என்று பாருங்கள். உங்கள் கொல்லையில் உதிர்ந்த இலைக்கும் ஏறத்தாழ அத்தனை நாள்தான் தவணை. அதற்குள் துடைப்பத்தைக் கையில் எடுங்கள்.