பட்டி மருந்தல்ல: பழைய காரின் உடலைத் திருத்தும் ஒழுங்கு

ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய கார்கள் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடியதை எம்மில் மூத்தவர்கள் நன்கு அறிவர். 1990இன் பின் எரிபொருள் தடை நிலவிய காலத்தில், சிறிதளவு பெற்றோலில் இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் விளைபொருளையும் சுமந்தவை இவையே. 1995 இடப்பெயர்வின்போது கொண்டுசெல்ல முடியாதவை முற்றத்திலும் கொட்டிலிலும் விடப்பட்டன. எஞ்சினைத் திருத்துவது எமது மெக்கானிக்மாருக்குப் பெரிய காரியமன்று. கறள் தின்ற தகடுதான் பலரது பணத்தை விழுங்குகிறது.

நாமும் இதில் ஏமாந்தவர்களே. எமது நிலையத்தின் மொறிஸ் மைனரை ஒருமுறை குறைந்த கூலிக்குத் திருத்தக் கொடுத்தோம். புதுக்கார்போல மினுங்கி வந்தது. ஒரு மாரி கழிந்ததும் கதவின் கீழே பெயின்ற் கொப்புளித்தது. குத்திப் பார்த்தோம். உள்ளே கோழிக்கூட்டு வலையும் பத்திரிகைத் தாளும். அவற்றின்மேல் விரற்கடை மொத்தத்தில் பட்டி. அதே வேலைக்கு இரண்டாம் தடவையும் காசு கொடுத்தோம். வாடகைக்கு ஓடும் காரை நம்பியுள்ள குடும்பத்திற்கு இது ஒரு போக விளைச்சல் அழிவதற்கு ஒப்பானது. ஆதலால் இவ்வேலையின் ஒழுங்கை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நன்று.

இரு பொருட்கள், இரு வேலைகள்

பட்டி என்பது பொலியெஸ்ரர் பசையும் கல்மாவும் கலந்த பொருள். ஹாட்னர் சேர்த்ததும் இறுகும். நெளிவை நிரப்பி வடிவத்தைச் சீராக்குவது மட்டுமே அதன் வேலை. அது பலம் தராது, கறளை நிறுத்தாது. மேலும், அது ஈரத்தை உறிஞ்சும்.

எப்பொக்சி பிறைமரும் இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பொருளே. தகட்டைப் பற்றிப் பிடித்து, ஈரம் நுழையாது மூடுவது அதன் வேலை. சாதாரண சாம்பல் நிறப் பிறைமர் அவ்வாறு மூடாது. அதனூடாக ஈரம் தகட்டைச் சென்றடையும்.

நன்கு சுரண்டிய வெறும் தகட்டில் நேரடியாகப் பட்டி வைப்பவர்களும் உண்டு. தகடு சுத்தமாக இருந்து, வேலையும் விரைவாக முடிந்தால் அது நிற்கும். ஆயினும் கடற்காற்று வீசும் எமது பகுதியில் வெறும் தகடு ஓரிரவிலேயே கறள் பிடிக்கக்கூடும். எனவே முதலில் எப்பொக்சி, அதன்மேல் பட்டி, மீண்டும் எப்பொக்சி என்ற ஒழுங்கே பாதுகாப்பானது.

ஓட்டையைப் பட்டியால் மூடலாகாது

கறையான் தின்ற வளைக்குச் சாந்து பூசினால் கூரை நிற்குமா? ஓட்டை விழுந்த தகட்டை, நல்ல தகடு தென்படும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும்.

ஒஸ்ரின் ஏ-40 சமசெற் போன்ற கார்களுக்குத் தனியான சட்டம் உண்டு. மொறிஸ் மைனருக்கு அவ்வாறில்லை; உடலே சட்டம். ஆகையால் கதவுகளுக்குக் கீழுள்ள படிப்பகுதியும் பின் வில்லுத் தகடுகள் பொருத்தப்படும் இடமும் உக்கினால் அது அழகுப் பிரச்சினையன்று, உயிர்ப் பிரச்சினை. இவ்விடங்களில் ஒருபோதும் பட்டி வைக்கலாகாது. மைனரின் மட்காட்டுகள் ஆணிகளால் பூட்டப்பட்டவை. அவற்றைக் கழற்றி வைத்து, பின்புறத்தையும் சுரண்டிப் பூசலாம். பின்புறத்தை விட்டுவிட்டால் கறள் உள்ளிருந்து திரும்பவும் வரும்.

வேலை ஒழுங்கு

1. வேலை செய்யும் இடத்தைக் கழுவி, தின்னர் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிடிப்பைத் துடைத்தெடுக்கவும். சுரண்டிய பின் பழையவாறு எண்ணெய் தகட்டில் தேய்ந்து ஊறாதிருக்க இதை முதலிலேயே செய்ய வேண்டும்.

2. பழைய பெயின்றையும் கறளையும் கம்பிப் பிரஷாலும் 80ஆம் இலக்கச் சான்ட் பேப்பராலும் தகடு வெளிறித் தெரியும்வரை அகற்றவும். கறள் நீக்கும் அமிலம் பாவித்தால், போத்தலில் கூறியவாறு அதனை முற்றாகக் கழுவி உலர்த்தவும். அமிலம் எஞ்சிய தகட்டில் எப்பொக்சி பிடிக்காது.

3. நெளிவைச் சுத்தியலால் தட்டி இயன்றளவு நேராக்கவும். பட்டி எவ்வளவு குறைகிறதோ, வேலை அவ்வளவு நிலைக்கும்.

4. மீண்டும் துடைத்து, எப்பொக்சி பிறைமரை இரு முறை பூசவும். கலக்கும் அளவு கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ரின்னில் எழுதியுள்ள அளவே சரி. கலந்தபின் சற்று வைத்திருக்கும்படி கூறியிருந்தால் அவ்வாறே செய்யவும். குறைந்தது ஓரிரவு காயவிடவும்.

5. பின்னர் பட்டி. பல நாட்கள் கழிந்திருந்தால் பிறைமரின் மேற்பரப்பைச் சான்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கிய பின்பே பட்டி வைக்க வேண்டும். ஹாட்னர் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்களவில் போதும். கூடினால் சிறு துளைகள் விழும். மேற்பெயின்றிலும் கறை தெரியும். குறைந்தால் பட்டி இறுகாது. கண்ணாடியிலோ தகட்டிலோ வைத்து, அடிக்காமல் அழுத்திக் கலக்கவும். எமது வெயிலில் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். ஆதலால் சிறிது சிறிதாகக் கலக்கவும். மெல்லிய படைகளாகப் பூசவும். தேய்த்து முடிந்தபின் 3 மி.மீ. மொத்தத்திற்கு மேற்படலாகாது.

6. பட்டியை உலர்வாகவே தேய்க்கவும்: முதலில் 80, பின் 120, பின் 180. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் பட்டி அதனைக் குடித்து வைத்திருந்து, பின்னர் கொப்புளமாகக் காட்டும்.

7. தூசியைத் துடைத்து, மறுபடியும் எப்பொக்சியால் மூடவும். அதன்மேலேயே மற்றப் பெயின்ற்.

காலமும் காசும்

வாடைக்காற்றும் மழையும் உள்ள ஐப்பசி முதல் மார்கழி வரை தகட்டைத் திறக்கவேண்டாம். சோளகம் தூசியைக் கொண்டுவரும். மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு ஏற்றவை.

காசு முழுவதும் ஒரேயடியாகக் கையில் இராது என்பதை நாம் அறிவோம். எப்பொக்சி பூசிய காரைக் கொட்டிலுக்குள் வைத்து, அடுத்த விளைச்சல்வரை காத்திருக்கலாம். ஆனால் வெயிலில் விடவேண்டாம். வெயில் பட்டால் எப்பொக்சி சுண்ணாம்புபோல் உதிரும். திரும்பத் தொடங்கும்போது தேய்த்துவிட்டே தொடங்கவும்.

உடல்நலம்

எப்பொக்சி தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாகும், கையுறை அணிக. முகத்தில் கட்டிய கைலேஞ்சி தூசியில் ஓரளவையே தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இரசாயன ஆவிக்குரிய முகமூடியே வேண்டும். பழைய கார்களின் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும்; அந்தப் பழைய பெயின்றை நனைத்துத் தேய்க்கவும். பிள்ளைகளை அண்டவிடவேண்டாம். தின்னர் உள்ள இடத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

வாங்குமுன்

பழைய றேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுசெல்லுங்கள். கதவின் கீழ்ப்பகுதி, மட்காட்டு, படிப்பகுதி ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். பற்றாத இடத்தில் தகடில்லை, அல்லது அதன்மேல் மொத்தப் பட்டி இருக்கிறது. மினுக்கத்தைக் கண்டு காசு கொடுக்கவேண்டாம்.

கலந்துரையாடுவோம்

1. எமது ஊரில் வெல்டிங் வேலையும் பெயின்ற் வேலையும் அறிந்தவர்கள் யார்? இளைஞர் இருவரை அவர்களிடம் பழக அனுப்ப முடியுமா?

2. ஸ்பிறே கன்னையும் முகமூடியையும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பாவிக்க முடியுமா?

3. காரை வேலைக்குக் கொடுக்கும்போது, பட்டி பூசுமுன் தகட்டைக் காட்டும்படி கேட்கிறோமா? அப்படிக் கேட்க எமக்கு உரிமையுண்டு. நல்ல தொழிலாளி அதற்குக் கோபிக்கமாட்டார்.