தையல் பாடம்: பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு சட்டை



எங்கள் தையல் வகுப்புக்கு வரும் கர்ப்பிணித் தாய்மாரிடம், "பிள்ளைக்குச் சட்டை தைச்சாச்சா?" என்று கேட்டால் பலரும் சிரித்துக்கொண்டு தலையைக் குனிவார்கள். "பொறக்க முந்தி புதுத்துணி எடுக்கக் கூடாதுன்னு அம்மாயி சொல்றாங்க" என்பார்கள். பெரியவர்கள் பேச்சை நாம் பழிக்க வேண்டாம். ஆனால் நடுச்சாமத்தில் வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பையில் ஒன்றும் இல்லையென்றால் கஷ்டப்படுவது தாயும் பிள்ளையும்தான். பிறந்த பிள்ளையின் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். மலைநாட்டுக் குளிரில் இது விளையாட்டல்ல.

அம்மாயி வேண்டாம் என்றது புதுத்துணியைத்தானே? பலமுறை துவைத்துப் பழகிய நூல் சேலையும் வேட்டியும்தான் பச்சைப்பிள்ளையின் தோலுக்கு மெத்தென்று இருக்கும். ஆகவே ஏழாம் மாதத்திலேயே பழைய துணியில் தைக்கத் தொடங்குவோம். நாலு முழ வேட்டி ஒன்றில், கிழிசலை ஒதுக்கினாலும் நாலு சட்டை கிடைக்கும். மெஷின் தேவையில்லை. ஊசி, நூல், கத்திரிக்கோல், பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டம், கோடு போடக் காய்ந்த சவர்க்காரத் துண்டு, இவ்வளவு போதும்.

எந்தத் துணி ஆகாது?

நைலோன் துணி வேண்டாம். அது வேர்வையை உறிஞ்சாது. அடுப்பு நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

மலையில் மருந்தடிக்கப் போனவர் உடுத்திய துணியும், உரம் வந்த பையும் எத்தனை தரம் துவைத்தாலும் பிள்ளைக்கு வேண்டாம்.

பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்த துணியும் வேண்டவே வேண்டாம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு குறை இருக்கும், பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்த உருண்டையின் ஆவியே இரத்தத்தைக் கெடுத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். தைத்து வைக்கும் சட்டைக்கு நடுவிலும் அந்த உருண்டையைப் போடாதீர்கள்.

வெட்டும் முறை

1. நீளம் 22 அங்குலம், அகலம் 20 அங்குலம் உள்ள துண்டை எடுங்கள். நீளத்தைப் பாதியாக மடித்தால் 11 அங்குலம். இந்த மடிப்புத்தான் தோள். பிறகு அகலத்தைப் பாதியாக மடித்தால் 10 அங்குலம். இது நடு மடிப்பு. இரண்டு மடிப்பும் சேரும் மூலை கழுத்து.

2. அந்த மூலையிலிருந்து தோள் மடிப்பில் 1¾ அங்குலமும், நடு மடிப்பில் ½ அங்குலமும் அளந்து, வளைவாக வெட்டுங்கள்.

3. தோள் மடிப்பின் மறு முனை கை வரும் இடம். அங்கிருந்து கீழே 4½ அங்குலம் அளந்து, நடு மடிப்பை நோக்கிக் கோடு போடுங்கள். நடு மடிப்புக்கு 5¼ அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, நேரே கீழே கோட்டை இறக்குங்கள். வெளி மூலைத் துண்டை வெட்டி எடுங்கள்.

4. இப்போது துணியை விரித்து, முன்பக்கத்தை மட்டும் நடுவில் மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்துவிடுங்கள். முன்கழுத்தை மட்டும் 2 அங்குலம் ஆழமாக்குங்கள்.

எங்கள் முதல் வகுப்பில் நாங்களே நாலு மடிப்பையும் சேர்த்து 2 அங்குலம் வெட்டச் சொல்லிவிட்டோம். எல்லாச் சட்டையிலும் முதுகு திறந்துபோய்விட்டது. அதனால்தான் பின்கழுத்துக்கு ½ அங்குலம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

தைக்கும் முறை

கைக்கு அடியிலும் பக்கத்திலும் ½ அங்குலம் விட்டு, நெருக்கமாகத் தையுங்கள். அக்குள் மூலையில் தையல்வரை ஒரு சிறு வெட்டு வெட்டினால் துணி இழுக்காது. தையல் விளிம்பு உள்ளே இருந்தால் தோலை உரசும். அதை வெளிப்பக்கம் விட்டு, மடித்துச் சட்டையோடு தைத்துவிடுங்கள். கை, அடி, முன் விளிம்புகளைக் கால் அங்குலமாக இரண்டு தரம் மடித்துத் தையுங்கள். கழுத்துக்கு, மூலைவாட்டில் வெட்டிய 1 அங்குலப் பட்டியை வையுங்கள்.

பொத்தான் கழன்றால் பிள்ளை வாயில் போடும், ஊசி குத்தும். ஆகவே 5 அங்குல நாடா இரண்டு சோடி போதும். மேல் சோடியைக் கழுத்தில் வைக்காமல் நெஞ்சுக்கு நேராக வையுங்கள்.

முன்பக்கம் திறந்த சட்டை என்பதால் தலைவழியாக மாட்ட வேண்டியதில்லை. கழுத்து நிற்காத பிள்ளைக்கு இதுதான் சுகம்.

முடிந்ததும் செய்ய வேண்டியது

தொங்கும் நூலை ஒட்ட வெட்டுங்கள். ஒரு நூல் பிள்ளையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். தைக்க உட்காரும்போது எத்தனை ஊசி எடுத்தீர்களோ, எழும்பும்போதும் அத்தனையும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். சட்டையை நன்றாகத் துவைத்து, அலசி, வெயிலில் காய வையுங்கள். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட வேண்டாம்.

நாலு சட்டை, ஒரு டசின் நெப்பி, சுற்றிப் பிடிக்க இரண்டு துணி. இவற்றை ஒரு பையில் வைத்து, கிளினிக் கார்டையும் சேர்த்து வையுங்கள். பை இருக்கும் இடம் உங்கள் புருசனுக்கும் பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் தெரிந்திருக்கட்டும். வலி வரும் நேரத்தில் எடுத்துக் கொடுக்கப் போவது அவர்கள்தான்.