சமச்சீர் போயிற்றா?

சென்ற மன்றக் கூட்டத்தில், "பொருளின் புதிய நிலைகளை அறியச் சமச்சீர் தேவையில்லை" என்று பேசிவிட்டேன். அது பாதி உண்மை. நண்பர்கள் அதைத் தேர்வில் எழுதிவிடக் கூடாதே என்று இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் பழைய பாடம். நீரில் எல்லா இடமும் ஒன்றுபோலவே இருக்கும். உறைந்தால் மூலக்கூறுகள் வரிசையில் அமர்கின்றன. இடத்துக்கு இடம் வேறுபாடு தோன்றுகிறது. இதுவே சமச்சீர் முறிவு. இம்முறிவைக் கொண்டு நிலைகளைப் பிரித்தறியும் வழியை 1937இல் சோவியத் அறிஞர் லாண்டாவ் வகுத்தார்.

1980இல் ஜெர்மானியர் கிளிட்சிங், மெல்லிய எலெக்ட்ரான் படலத்தைக் கடுங்குளிரில், வலிய காந்தப் புலத்தில் வைத்து, அதன் ஹால் மின்தடையை அளந்தார். அது படிப்படியாக மாறிற்று. ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 25,813 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த ஈவு! படிக்குப் படி எந்தச் சமச்சீரும் முறியவில்லை. மாறியது முழு எண் மட்டுமே.

அந்த எண் வடையின் துளை போன்றது. வடையை அமுக்கலாம், நீட்டலாம். பிய்க்காமல் இட்லியாக்க முடியாது. இத்தகைய மாறாத் தன்மைகளை ஆராயும் கணிதமே டோபாலஜி. இங்கே பிய்ப்பது என்பது எலெக்ட்ரான்களின் ஆற்றல் இடைவெளியை மூடுவது.

அப்படலத்தின் விளிம்பில் எலெக்ட்ரான்களுக்கு ஒருவழிப் பாதைதான். திரும்பத் தடமே இல்லை. எனவே காவலும் வேண்டாம். நான் இதோடு நிறுத்திவிட்டேன். பிழை அங்கேதான்.

2005இல் கேன், மெலி இருவரும் காந்தப் புலம் வேண்டாத வேறொரு நிலையைக் கணித்தனர். 2007இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் மோலன்காம்ப் குழுவினர் பாதரச டெல்லுரைடுப் படலத்தில் அத்தகைய நிலையைக் கண்டனர். உள்ளே மின்சாரம் பாயாது, விளிம்பில் பாயும். ஆனால் இவ்விளிம்பில் இரண்டு தடங்கள்: ஒரு தற்சுழற்சி உடையவை ஒரு திசையிலும், எதிர்ச்சுழற்சி உடையவை எதிர்த்திசையிலும் ஓடும். திரும்ப வேண்டுமானால் எலெக்ட்ரான் தன் சுழற்சியையும் மாற்ற வேண்டும். சாதாரண மாசு அதைச் செய்யாது. தடுப்பது எது? காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் விதி மாறாது என்னும் சமச்சீரே! காந்தத் தன்மையுள்ள மாசைச் சேர்த்தால் அச்சமச்சீர் முறியும், எலெக்ட்ரான் திரும்பலாம், காப்பும் போகும். இடைவெளியை மூடாமலே அந்நிலையைச் சாதாரண மின்கடத்தாப் பொருளாக மாற்றவும் வழி பிறக்கும்.

ஆகவே என் திருத்தம் இது: பனிக்கட்டி போன்ற நிலைகள் சமச்சீர் முறிவதால் பிறக்கின்றன, இந்நிலை சமச்சீர் முறியாதிருப்பதால் வாழ்கிறது. துளை உண்டா என்று கேட்டவுடன், அதற்குக் காவல் எது என்றும் கேளுங்கள்.